மூன்றாவது பெண்ணுக்கு வைத்த பெயர்

சிவப்பு மிளகாயை நெருப்பில் வாட்டும்போது முதலில் ஓர் இனிப்பு மணம் வரும். தோல் கருகத் தொடங்கியதும் அது புகையாகிப் போய்த் தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். ஊரைவிட்டு வெளிநாடு வந்து மில்லிக்கனில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே நெஞ்சளவு மரவேலி ஒன்றுதான் இருந்தது என்பதால், செப்டெம்பர் பிறந்தால் அந்த மணம் எங்கள் திரைச்சீலை, பள்ளிக்கூடப் பை, என் தலைமயிர் என்று எல்லாவற்றிலும் ஏறிவிடும். அந்த வருடம் அம்மாவின் வயிற்றில் மூன்றாவது பிள்ளை இருந்தது. நிறைமாதத்திலும் தாளிக்கிற மணம் பட்டாலே சத்தியெடுக்க ஓடிய அம்மாவுக்கு, இந்த மணம் மட்டும் பிடித்துப்போனது. வேலியோரம் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பார். வேலிக்கு மேலாக ஒரு தட்டு வரும். தோலுரித்து, உள்ளியும் எண்ணெயும் சேர்த்த மிளகாய். அதைப் பாணோடு சாப்பிட்டுவிட்டு வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டு, அம்மா அதில் இரண்டு உளுந்து வடையாவது வைத்து அனுப்புவார்.

தட்டை நீட்டியவர் மீரென் அன்ரி. ஸ்பெயினின் வடபகுதியில், பிரான்ஸ் எல்லையோரம் உள்ள பாஸ்க் நாட்டிலிருந்து வந்தவர். கணவர் இறந்தபின் தனியாக இருந்தார். யாராவது அவரை ஸ்பெயின்காரி என்று சொல்லிவிட்டால் முகம் கறுத்துப்போகும். "உன்னைச் சிங்களப் பிள்ளை என்று சொன்னால் உன் அப்பா என்ன செய்வார்?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார். அதற்குப் பிறகு அவருடைய ஊரைப் பற்றி எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அப்பாவுக்குப் பிற்பகல் வேலை, அம்மாவுக்கு உடம்பு முடியாது. ஆகவே நானும் தங்கை நிரோஜினியும் பள்ளிக்கூடம் விட்டதும் மீரென் அன்ரியின் குசினியில்தான் கிடந்தோம். அங்கேதான் அந்தப் பெயர்களைக் கேட்டேன். எடுர்னே என்றால் பனி. இட்சாசோ என்றால் கடல். ஐசியா காற்று, இசார் நட்சத்திரம். நெக்கானே என்றால் துயரங்கள். துயரம் என்றா ஒரு பிள்ளைக்குப் பெயர் வைப்பார்கள் என்று நான் கேட்க, அது மாதாவின் துயரங்கள் என்றார். மீரென் என்பது மரியாள். ஆனால் அவருடைய கடவுச்சீட்டில் அந்தப் பெயர் இல்லை. அவர் பிறந்த காலத்தில் பாஸ்க் பெயர்களைப் பதிய அரசாங்கம் விடவில்லையாம்; எழுதுகிறவன் ஸ்பானிய மொழியில் மரியா என்று எழுதிவிட்டான். அவருடைய கடைசித் தங்கைக்கும் அதே கதைதான். பதிவில் வேறு பெயர். அம்மா வாயால் கூப்பிட்டது அமாயா.

எங்கள் பெயர்களுக்கு என்ன கருத்து என்று அவர் திருப்பிக் கேட்டார். என் பெயர் டிலோஜினி. எங்கள் ஆட்களுக்குத் தெரியும் இந்த வித்தை: பிள்ளை பிறந்த நட்சத்திரத்துக்குக் கோயில் ஐயர் ஒரு எழுத்துத் தருவார், அந்த எழுத்தில் தொடங்கி, ஆங்கில எழுத்துகளுக்கு எண் போட்டுக் கூட்டினால் நல்ல எண் வருகிற மாதிரி, வேறு ஒருவரும் வைக்காத ஒரு பெயரைத் தகப்பன்மார் செய்துவிடுவார்கள். கருத்து என்று ஒன்று கிடையாது. எண் நல்லது, அவ்வளவுதான். இதை நான் விளங்கப்படுத்தியபோது மீரென் அன்ரி மாப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். தங்கள் பெயரைச் சொல்லவே பயந்த சனத்துக்கு, எந்தப் பயமும் இல்லாத ஊரில் ஒன்றுமேயில்லாத பெயரைத் தேடி வைக்கிற எங்களை எப்படி விளங்கியிருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன்.

ஒக்டோபரில் குழந்தை பிறந்தது. பெண். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சோபாவில் இருந்தார். "மூண்டு குமரைக் கரைசேர்க்கிறதெண்டா லேசுப்பட்ட வேலையே" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். குமர்கள் இரண்டு பேர் அதே சோபாவில், ஒருத்தி பத்து வயது, மற்றவள் ஆறு வயது, அவருக்குப் பக்கத்தில் இருந்தோம்.

அடுத்த கிழமை அப்பா வேலியடிக்குப் போனார். எண் பார்த்து அலுத்துப்போயிருக்க வேண்டும், அல்லது நான் வீட்டில் ஒப்புவித்த பெயர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய ஆங்கிலமும் மீரென் அன்ரியின் ஆங்கிலமும் ஒன்றையொன்று தாண்டிப் போய்விடும்.

"அனுஷ நட்சத்திரம், நாலாம் பாதம். ஐயர் 'நே' எழுத்து எண்டு சொன்னவர். நல்ல பேர் ஒண்டு இருக்கோ எண்டு கேள்."

மீரென் அன்ரி யோசிக்கவே இல்லை. "நேரேயா" என்றார். கையிலிருந்த கரியை ஏப்ரனில் துடைத்துவிட்டு, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். என்னுடையவள் என்று கருத்து. நான் அப்பாவுக்குச் சொன்னேன்.

எழுத்துப் பொருந்திவிட்டது. ஐயர் கேட்ட எழுத்து, இந்தத் தெருவில் யாருக்கும் இல்லாத பெயர். கூட்டிப் பார்த்தால் எண்ணும் வந்திருக்கலாம். அப்பா கூட்டவே இல்லை. வேறு என்ன இருக்கிறது என்று கேட்கச் சொன்னார். அன்ரி சொல்லிக்கொண்டே போனார், நானும் சொல்லிக்கொண்டே போனேன்: பனி, கடல், காற்று, பூ. கடைசியில், கொஞ்சம் தயங்கி, தன் தங்கையின் பெயரைச் சொன்னார். அமாயா.

"அது என்ன கருத்து?"

முடிவு, என்றேன் நான்.

அப்பா சிரித்தார். பிள்ளை பிறந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. "உதுதான். உதையே வைப்பம். இதோட பெட்டையள் முடிவு." சுபகாரியத்துக்குச் செருப்பு வாங்குவதென்றாலும் ஐயரைக் கேட்கிற மனிதர், அன்றைக்கு ஐயர் கொடுத்த எழுத்தை வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு வந்தார். கடைசி வரியை நான் மொழிபெயர்க்கவில்லை. அதற்கு முந்தியதை மட்டும் கேட்ட மீரென் அன்ரி வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார், சந்தோஷத்தில்.

முப்பத்தோராம் நாள், பிள்ளை பிறந்த துடக்குக் கழிவுக்கு பேஸ்மென்ட் நிறையச் சனம். அம்மாவின் மாம்பழ நிறச் சேலையை ஊசிகளால் குத்திக் கட்டிக்கொண்டு, தான் சுட்ட பாதாம் கேக்கோடு மீரென் அன்ரி வந்திருந்தார். வந்த ஒவ்வொருவரும் பெயரைக் கேட்க, அப்பா ஒவ்வொருவருக்கும் கருத்தைச் சொன்னார். "மூண்டாவதும் பெட்டை. அதுதான் 'முடிவு' எண்டு வைச்சிட்டன்." அங்கிள்மார் முதுகில் தட்டினார்கள். "அண்ணை விளையாட்டுக்காரன்" என்றார் ஒருவர். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று மீரென் அன்ரி என்னைக் கேட்டார். எனக்குப் பத்து வயது, கேட்டதைச் சொன்னேன்.

அவர் கேக் தட்டை மேசையில் வைத்தார். எங்கள் ஊரில் அந்தப் பெயர், நடந்து நடந்து கடைசியில் போய்ச் சேருகிற இடத்துக்கு. இதை உன் அப்பாவிடம் சொல், என்றார். சொன்னேன்.

"ஓம், வந்து சேந்தாச்சுத்தானே," என்றார் அப்பா. "இனிப் போதும் எண்டு சொல்லு."

அப்பா கெட்ட மனிதரல்ல, காலம் அப்படி, பயம் அப்படி என்றெல்லாம் எழுதவேண்டிய இடம் இது. எழுத எனக்கு மனமில்லை. ஒரு தாய், அரசாங்கம் எழுத விடாத பெயரை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றினாள். அது கடல் தாண்டி வந்து எங்கள் பேஸ்மென்டில் மிக்சரோடு சேர்த்துக் கொறிக்கிற பகிடியானது. எங்கள் மூன்று பேரில் கருத்துள்ள பெயர் கிடைத்தது அவள் ஒருத்திக்குத்தான். கிடைத்த கருத்து அது.

இரண்டு வருடத்தில் தம்பி பிறந்தான். அதோடு அப்பாவின் பேச்சுக்கு எதிர்ப்பேச்சில்லாமல் போய்விட்டது. "பேரின்ர பலன்" என்றார். ரூஜ் பகுதியில் இருந்த, இரண்டு பெண்களைப் பெற்றிருந்த அப்பாவின் நண்பர் ஒருவர், மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததும் எங்கள் வீட்டுக்கு ஃபோன் எடுத்து அந்தப் பெயரை உச்சரிக்கக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு அவருடைய மைத்துனர் வீட்டிலும் ஒன்று. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரே நேரத்தில் இரண்டு அமாயாக்கள் இருந்தார்கள், இருவரும் அவரவர் வீட்டில் மூன்றாவது. வேறெந்தச் சனம் இப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வகுப்பில்தான், எங்கள் கடைசித் தங்கைக்கு எட்டு வயதில், தங்கள் பெயரின் கருத்தைக் கேட்டுக்கொண்டு வந்து எழுந்து நின்று சொல்லச் சொன்னார்கள். அவள் அப்பாவைக் கேட்டாள். வீட்டில் விருந்தாளிகள் இருந்த நேரம். அப்பா வழக்கமான கதையை வழக்கமான சிரிப்போடு சொன்னார். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப நான் ஸ்டொப் சைனோ அப்பா?" என்றாள்.

இதைவிடப் பெரிய பகிடியை அந்த வீடு அதற்குமுன் கேட்டதில்லை. பிறந்தநாள், சாமத்தியவீடு, செத்தவீட்டு அந்தியேட்டி, எங்கே போனாலும் யாராவது ஒருவர் "எங்க எங்கட ஸ்டொப் சைன்?" என்று கேட்பார்கள். அவளும் சிரிக்கப் பழகினாள். கருத்தைச் சொல்லவேண்டிய சனிக்கிழமை காலை வயிற்றுக்குத்து என்று படுத்தாள், அடுத்த சனிக்கிழமையும் படுத்தாள், பிறகு தமிழ் வகுப்புக்கு அவள் போகவே இல்லை. நானும் நிரோஜினியும் போராடி எழுதப் படித்த மொழி அவளுக்கு "அ, ஆ" வோடு நின்றது.

அம்மா ஒரு தடவைகூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "குஞ்சு" என்பார், "இஞ்ச வா" என்பார். ஏன் என்று நான் கேட்டபோது, "நாக்குக் கூசுது பிள்ளை" என்று மட்டும் சொன்னார். அப்பாவிடம் சொல்லியிருக்கலாமே அம்மா என்று கேட்க நினைத்து நினைத்து, கேட்பதற்குள் அவர் போய்விட்டார். அந்தப் பெயரைப் பெயராகச் சொன்னது மீரென் அன்ரி ஒருவர்தான். பின்னேரங்களில் தங்கை வேலி ஏறிக் குதித்து அங்கே போய்விடுவாள். நான் கேட்ட அதே பெயர்களை அவளும் கேட்டு வளர்ந்தாள். வேலியடியில் நடந்ததை மட்டும் அன்ரி அவளுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

போன இலையுதிர்காலத்தில் கடைசித் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. நானும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எழுபது தாண்டிய அப்பா இப்போது பேரப்பிள்ளைகளைக் கண்டால் உருகிவிடுகிறவர்.

"ஐயரிட்ட எழுத்துக் கேட்டனான்," என்று தொடங்கினார்.

"வேண்டாம் அப்பா. நேம் டிசைட் பண்ணியாச்சு. நேரேயா," என்றாள். "மீரென் அன்ரி சொல்லுவா எல்லோ. மைன் எண்டு மீனிங்."

அப்பாவின் கை குழந்தையின் துணியில் அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை.

"என்ன அப்பா, பிடிக்கேல்லையா?"

"நல்ல பேர்," என்றார். "நல்ல பேர் பிள்ளை."

கார் நிறுத்துமிடத்தில் பெல்ட்டைப் போட்டபடி, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "பழசொண்டும் அவளுக்குச் சொல்லிப்போடாதை. பிள்ளை பெத்த உடம்பு." ஓம் அப்பா, என்றேன்.

அவரை ஸ்ரௌவ்வில்லில் தம்பி வீட்டில் இறக்கிவிட்டு, திரும்பும் வழியில் மில்லிக்கனுக்குப் போனேன். மிளகாய்ப் பாத்தி இருந்த இடத்தில் கல்லுப் பதித்து இரண்டு கார் நிற்கிறது. மரவேலி இல்லை. மீரென் அன்ரி முதியோர் இல்லத்தில் இறந்து நெடுநாளாகிவிட்டது. கடைகளில் போத்தலில் அடைத்து வருகிற வாட்டிய மிளகாயில் புகையே இல்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றித்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன். தங்கையால் வாசிக்க முடியாது. அப்பா, கடை வாசலில் இலவசமாகக் கிடக்கும் பத்திரிகையைக்கூட ராசிபலனில் தொடங்கிக் கடைசிப் பக்கம்வரை விடாதவர். வாசிப்பார்.