உப்புக் கோடு

நெத்திலிக் கருவாட்டின் வாசம் முதலில் நகக்கண்ணில் ஏறும். பிறகு தலைமுடியில். மூன்றாம் நாள், வீட்டில் கையிலெடுக்கும் தோசைக்கும் வந்துவிடும்...

தூத்துக்குடியில் கருவாடு சேர்த்து வைக்கும் ஒரு கிட்டங்கிக்கு நான் வேலைக்குப் போன முதல் வாரம் அது. எனக்குப் பதினேழு வயது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். அதற்கு முன் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தேன். வருகிறவர்களிடம் முகம் பார்த்துப் பேசவில்லை என்று இரண்டே மாதத்தில் அனுப்பிவிட்டார்கள்.

"இங்கனயாவது நிலைச்சு நில்லுளா" என்று சொல்லித்தான் அம்மா விட்டாள். கருவாட்டிடம் பேச வேண்டியதில்லை. நிலைத்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

கொட்டிக் கிடக்கும் நெத்திலியில் சின்னது பெரியது பிரிக்க வேண்டும். ஊடே கிடக்கும் குட்டி நண்டைப் பொறுக்கிப் போட வேண்டும். எட்டுப் பெண்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் என் அம்மா வயது, சிலருக்கு அதற்கும் மேல்.

எனக்குக் கிடைத்தது மின்விசிறிக்கு நேர் கீழே ஓர் இடம். அது அந்த எட்டுப் பேரில் ஒருத்தியான ரோசம்மா அக்காவின் தங்கை உட்கார்ந்திருந்த இடம் என்று இரண்டாம் நாளே தெரிந்தது. அவளை நிறுத்திவிட்டுத்தான் முதலாளி அண்ணாச்சி என்னை எடுத்திருக்கிறார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அன்றிலிருந்து எல்லார்மேலும் சந்தேகம்.

மத்தியானம் சாப்பிட்டதும் அத்தனை பேரும் கிட்டங்கிக்குப் பின்னால் போவார்கள். ஒருத்தி மட்டும் வாசலைப் பார்த்தபடி நிற்பாள். நான் எழுந்தால், "நீ இருளா, களைச்சிருப்ப" என்பாள்.

இவ்வளவு அக்கறை எதற்கு?

திரும்பி வரும்போது எல்லாருக்கும் மூச்சு வாங்கும். என்னைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொள்வார்கள்.

ஒருநாள் அவர்கள் டீக்கடைப் பக்கம் போன நேரம், மெதுவாகப் பின்னால் போய்ப் பார்த்தேன். தரையில் கல் உப்பால் நீளமாக ஒரு கோடு. அதன் குறுக்கே நாலைந்து கோடுகள். கட்டம் கட்டமாக... ஓரத்தில் கவிழ்த்து வைத்த ஒரு சிப்பி.

செய்வினை. என்னை இங்கிருந்து விரட்டத்தான்.

அதற்குப் பிறகு அவர்கள் வாங்கித் தந்த டீயை நான் குடிக்கவில்லை. திரும்பி நின்று முருங்கை மரத்து மூட்டில் ஊற்றிவிடுவேன். இந்த வேலையும் போனால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது? யாரிடமும் நாலு வார்த்தை பேசாதவள், நேராக அண்ணாச்சியிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அந்த மாதம் அவருக்கு வியாபாரம் மந்தம். "என் கிட்டங்கியிலயா?" என்று எழுந்து நின்றார்.

மறுநாள் மத்தியானம் ஒரு கையில் விபூதி, மறு கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனேன். அன்று பார்த்து, வாசலில் காவல் நிற்பவளும் ஆசைப்பட்டு உள்ளே இறங்கியிருந்தாள்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஐம்பது வயது பேச்சி அக்கா உப்புக் கோட்டின் மேல் ஓடுகிறாள். அவள் கையில் சிக்காமல் மற்றவர்கள் கட்டத்துக்குக் கட்டம் தாவுகிறார்கள்.

"ஏ ரோசு, தொட்டாச்சு, வெளிய போ!"

"எங்களா தொட்ட? நீ காத்தத் தொட்ட!"

கிளித்தட்டு. செல்போனோடு வளர்ந்த எங்கள் தெருவில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

அண்ணாச்சி திகைத்துப்போய்க் கோட்டுக்குள் காலை வைத்தார். வந்த வேகத்தில் யாரென்று பாராமல் பேச்சி அக்கா அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"அவுட்டு!"

எலுமிச்சம்பழம் உருண்டு கட்டத்துக்குள் போனது.

சிரிக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. "பேரன் பேத்தி எடுத்தவளுக்கு ஆட்டம் கேக்குதோ? இனிமே சாப்பிட்ட கையோட வேலைக்கு உக்காரணும்" என்றார் அண்ணாச்சி. உப்பையெல்லாம் கூட்டி அள்ளச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த நாட்களில் கிட்டங்கியில் நெத்திலி சரசரப்பதைத் தவிர வேறு சத்தமில்லை. என்னை யாரும் திட்டவில்லை. அதுவே எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. மொத்தமாகச் சேர்த்து வைக்கிறார்களோ...

நாலாம் நாள் தாங்கவில்லை.

"அக்கா... நான்தான் சொன்னேன்."

ரோசம்மா அக்கா நிமிரவே இல்லை. "தெரியும்ளா. அண்ணாச்சி முதுகுக்குப் பின்னால நின்னது என்ன, முருங்க மரமா?"

"அந்த மரத்துக்கு ஒரு வாரமா நாமதான டீ வாங்கிக் கொடுக்கோம்" என்றாள் பேச்சி அக்கா.

எட்டுப் பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ரோசம்மா அக்காவின் தங்கை, கருவாட்டு வாசம் ஒத்துக்கொள்ளாமல் தானாகவே நின்றவளாம். சிப்பி, யார் முதலில் ஆடுவது என்று சுண்டிப் பார்க்க.

"எதுக்குக்கா இந்த வயசுல ஆடுதிய?" என்று கேட்டேன்.

"காலைல இருந்து குத்தவச்சு மரத்துப் போகுதுளா. ஓடுனாத்தான் அது என் காலுன்னே தெரியுது" என்றாள் பேச்சி அக்கா. "சரி, ஆட்டத்தக் கெடுத்தது நீ. எடம் நீதான் பாக்கணும்."

சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஷேர் ஆட்டோவில் கடற்கரைக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும் அந்த மணலில் கோடு கிழித்தோம். முதல் வாரம் எனக்குக் கத்த வரவில்லை. மூன்றாம் வாரம் கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிது என்று அன்றுதான் தெரிந்தது.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. ரோசம்மா அக்கா மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். "எங்களா தொட்ட?" என்று சண்டை போட ஆளில்லாமல் ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது... வேலைக்கு வந்த புதிதில் ஒவ்வொரு முகத்திலும் எனக்கு எதிராக என்ன இருக்கிறது என்று தேடுவேன். இப்போது யார் எந்தப் பக்கம் தாவப் போகிறாள் என்று மட்டும் பார்க்கிறேன்.

இப்போது சந்தேகம் எல்லாம் என் அம்மாவுக்குத்தான். சனிக்கிழமை மட்டும் ஏன் நேரமாகிறது? சுடிதார் ஓரத்தில் ஏன் மணல்?

"யாருளா அவன்?"

"யாருமில்லம்மா. விளையாடிட்டு வாரேன்."

"பத்தொம்பது வயசுல விளையாட்டாம். யார்ட்ட கத சொல்லுத?"

என் செல்போனை வாங்கித் தேடினாள். முட்டிக்கு என்ன தைலம் தேய்க்கலாம் என்று பேச்சி அக்கா அனுப்பிய குரல் செய்திதான் இருந்தது. அதையும் இரண்டு முறை கேட்டாள்.

"வார சனிக்கிழமை நானும் உன் கூட வாரேன். யாருன்னு பாத்துருதேன்."

வரட்டும்... எங்களுக்கும் ஓர் ஆள் குறைகிறது.