வெள்ளை வரிசை

மக்காச்சோளத்துக்குக் கூச்சமே கிடையாது. ஆண்பூ தலைக்கு மேல் கொண்டையாக நிற்கும். கதிர் இடுப்பில் இருக்கும், அதன் நுனியில் பட்டுநூல் போல முடி தொங்கும். காற்றடித்தால் கொண்டையிலிருந்து மகரந்தத்தூள் கிளம்பி, எந்தச் செடியின் முடியில் வேண்டுமானாலும் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு முடிக்கு ஒரு மணி. ஒரே கதிரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மணிகளுக்கு அப்பன் வேறு வேறாக இருக்கலாம். இந்தக் கூத்தை ஒழுங்குபடுத்துவதுதான் என் வேலை. கொண்டைக்கு ஒரு காகித உறை, கதிருக்கு ஒரு காகித உறை. "சோளத்துக்கு முக்காடு போடவா இவ்வளவு படிச்சே?" என்று என் சித்தி ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் கேட்டாள். நாற்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகாதவளிடம் கேட்க அவளிடம் இன்னும் நிறைய கேள்விகள் இருந்தன. சாப்பிடாமலே கிளம்பி வந்துவிட்டேன்.

விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகள் இருக்கும் பகுதியில் மாடி அறை ஒன்றில் குடியிருக்கிறேன். கீழே பொம்மை வார்க்கிறார்கள். காலையில் ஸ்கூட்டரில் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் விதைக் கம்பெனியின் சோதனை வயலுக்குப் போவேன். இருட்டுவதற்குள் திரும்பி, ஒரு ஆளுக்குக் குக்கர் வைப்பேன். அதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. அரைத் தம்ளர் அரிசிக்கு அது போடும் விசில் சத்தத்தைக் கேட்டால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

அந்த வயலில் எனக்கென்று இருந்தது ஒரே ஒரு வரிசை. மழை பொய்த்த ஒரு வருஷம், திட்டக்குடி பக்கத்து விவசாயி ஒருவரின் சோளக்காடு முழுக்கச் சருகாகிக் கிடந்தபோது, நடுவில் ஒரு செடி மட்டும் அடியிலை வரை பச்சையாக நின்றது. "எடுத்துக்கினு போங்க மேடம், விட்டா ஆடு தின்னுடும்" என்று அவரே கதிரை ஒடித்துக் கொடுத்தார். மஞ்சளும் வெள்ளையுமாக மணிகள். அவற்றை விதைத்து, வறட்சியில் பச்சையாக நின்ற செடிகளையே தேடித் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன். வெள்ளை மணியும் அந்தப் பச்சையோடு ஒட்டிக்கொண்டு வந்து நிலைத்துவிட்டது.

ஒரு குணத்தை நிலைக்க வைக்க வேண்டுமென்றால், ஒரு செடியின் தூளை அந்தச் செடிக்கே போட வேண்டும். வெளித்தூள் ஒரு துளி படக்கூடாது. தலைமுறைக்குத் தலைமுறை குணம் உறுதிப்படும், உடம்பு நோஞ்சானாகும். என் வெள்ளை வரிசை இடுப்பு உயரத்துக்கு மேல் வளர மறுத்தது. பக்கத்திலேயே நெடுநெடுவென்று நின்ற மஞ்சள் வரிசையோடு ஒருநாள் அதைக் கலந்தால், வறட்சி தாங்கும் நல்ல ரகம் ஒன்று கிடைக்கும் என்பது என் கணக்கு. அதற்கு இன்னும் இரண்டு தலைமுறை பாக்கி. எடுத்து வைத்திருந்த பழைய விதை முளைப்புத் திறனை இழந்திருந்தது. அதனால் உயிரோடு இருந்தது இந்த ஒரு வரிசைதான். இந்தப் பருவம் விதை பிடிக்கவில்லை என்றால் இதைக் கைவிட்டுவிடலாம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

முடி வெளியே வரும் சமயம் பார்த்து எனக்குக் காய்ச்சல் வந்தது. எழுந்து நின்றால் சுவர் நகர்ந்தது. வயலில் எங்களோடு பல வருஷமாக வேலை செய்யும் அக்காவுக்குப் போன் செய்தேன். உறை மாட்டுவது, தூள் தூவுவது எல்லாம் அவருக்குக் கை வந்த வேலை. சில வரிசைகளில் அதே செடியின் தூளையும், சில வரிசைகளில் பக்கத்து வரிசைத் தூளையும் போடுவார். "வெள்ளைக்கு அதோடதே போடணுங்க்கா" என்றேன். "நீங்க படுங்க மேடம், நான் பாத்துக்கறேன்" என்றார்.

படுத்தேன். கீழே களிமண்ணை அடிக்கும் சத்தம், ஜங்ஷன் பக்கமிருந்து ரயில் சத்தம். கதவை யாராவது தட்ட மாட்டார்களா என்று இருந்தது. ஒருநாள் தட்டினார்கள், கேபிள்காரர்.

உடம்பு தேறி வயலுக்குப் போனபோது எல்லாக் கதிருக்கும் உறை ஒழுங்காக மாட்டியிருந்தது. நாள் ஆக ஆக உறைக்குள் கதிர் திரண்டது. மேலோடு தடவிப் பார்த்தேன், கைக்கு அடங்கவில்லை. அந்த நோஞ்சான் செடிகள் இப்படி ஒரு கதிரைப் பிடித்ததே இல்லை. யாரும் பார்க்காதபோது ஒரு செடிக்கு முத்தம்கூடக் கொடுத்தேன்.

அறுவடை அன்று அக்கா பக்கத்தில் நிற்க, முதல் கதிரின் தோகையை உரித்தேன். மஞ்சள். வெள்ளைத் தாய்க்கு மஞ்சள் தூள் பட்டால் அந்த மணியிலேயே தெரிந்துவிடும், அடுத்த தலைமுறை வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்ததை உரித்தேன். அதுவும் மஞ்சள். வரிசை முழுக்க உரித்துப் போட்டேன். ஒவ்வொரு கதிரிலும் மணிகள் ஒரு பல் குறையாமல், அத்தனையும் மஞ்சள்.

"பக்கத்து வரிசையில எடுத்தீங்களாக்கா?"

அவர் முகம் செத்துவிட்டது. "அதோடத தாங்க மேடம் மொதல்ல ஒதறுனேன். வெயில்ல கொண்ட காஞ்சி கெடந்துச்சி, ஒரு சிட்டிக தூளு வரல. நாளைக்கு முடி கருகிடும். பாவம், ஒண்டியா நின்னுக்கினு இருக்குது, வெறுங்கதிரா போயிடுமேன்னு தான் அந்தப் பக்கம் எடுத்துப் போட்டேன். தப்புங்களா?"

எனக்கு வாய் நீளம். ஆபீஸில் என் ஃபோனை எடுக்கவே பயப்படுவார்கள். ஆனால் அன்றைக்குக் கதிரைக் கீழே வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷம் காத்த வரிசை போய்விட்டது. கலப்பு ஒருமுறை கொழுகொழுவென்று வந்து என்ன பயன், திரும்பச் செய்ய அந்தத் தாய் வேண்டுமே. ஆனால் என்னை அழ வைத்தது அதுவல்ல. செடி ஒண்டியாக நிற்பது இவர் கண்ணில் பட்டிருக்கிறது. அதே வாரம் நான் ஒண்டியாகக் கிடந்தது படவில்லையா என்று ஆத்திரமாக வந்தது. அவர் என் அறையைப் பார்த்ததே இல்லை, நான் கூப்பிட்டதும் இல்லை. நியாயமில்லாத ஆத்திரம்தான், இருந்தாலும் வந்தது.

ஆபீஸில் அந்த வரிசையைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். அடுத்த பருவம் அந்த மஞ்சள் மணிகளில் ஒரு கைப்பிடியை வயலின் ஓரத்தில், யாருக்கும் தேவைப்படாத மூலையில் போட்டேன். என் தலைக்கு மேல் வளர்ந்தன. உறையை நானே மாட்டினேன், அதனதன் தூளை நானே போட்டேன். அக்கா அந்தப் பக்கமே வரவில்லை. கேட்டால் வேறு வேலை இருக்குது என்பார்.

கதிரை ஒடித்த சாயங்காலம் வயலில் யாரும் இல்லை. ஸ்கூட்டர் மேல் சாய்ந்துகொண்டு தோகையை உரித்தேன். மஞ்சளுக்கு நடுவில் அங்கங்கே வெள்ளை மணிகள். எதிர்பார்த்ததுதான், மறைந்த நிறம் அடுத்த தலைமுறையில் திரும்பும் என்று பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். பச்சையும் இதோடு வந்திருக்கிறதா என்று தெரிய இன்னும் பல பருவம் ஆகும். ஆனாலும் போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போட்டேன். ஒரு கட்டைவிரல் வந்தது. போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தேன். இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை. பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு, வழி கேட்டுக் கேட்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அவர் என்னை உட்கார வைத்து, கதிரை வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளை மணிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"வந்துடுச்சா மேடம்?"

"கொஞ்சம் வந்திருக்குங்க்கா."

"இதக் காட்டவா வூடு தேடிக்கினு வந்தீங்க?"

"ஆமாங்க்கா."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, வீட்டில் இருந்தவர்களிடம் இன்னொரு சாப்பாட்டுத் தட்டு எடுத்து வரச் சொன்னார்.

"வேணாங்க்கா, ரூம்ல குக்கர் வச்சிட்டு வந்திருக்கேன்" என்றேன், பழக்க தோஷத்தில்.

குக்கரில் ஒன்றும் இல்லை. நான் எழுந்திருக்கவும் இல்லை.