ஈரத்துணியின் மூன்றாவது கிடார்

என் கொழுந்தனுக்கு வீட்டில் ஈரத்துணி என்று பெயர். வைத்தது நான்தான். எங்கள் ஊர்க் காற்றில் கதவே காய்ந்து சுருங்கிப்போய், சாத்தினாலும் இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுக்காரர் சவரம் செய்வது தெரியும். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு மரத்தில் கிடார் செய்வேன் என்று அடம்பிடிக்கிறவனை வேறு என்னவென்று கூப்பிடுவது? அவன் பட்டறை முழுக்க ஈரத்துணி தொங்கும். மூலைக்கு மூலை தண்ணீர் வாளி. நடுவில் நீர்ப்புகை விடுகிற ஒரு மெஷின். ஹாலில் எங்களுக்கு உதடு வெடிக்கும். அந்த அறையில் காலண்டர் தாள் நமத்துச் சுருளும். மரத்துக்கு நடக்கிற உபசாரத்தில் பாதி எனக்கு நடந்திருந்தால் நான் இப்படிக் கத்துகிறவளாகவே ஆகியிருக்க மாட்டேன்.

சும்மா சொல்லக் கூடாது, வேலை அத்தனை சுத்தம். ஆனால் முதலில் விற்ற இரண்டு கிடாரும் வாங்கியவர்கள் வீட்டில் சில மாதத்திலேயே வயிற்றுப் பலகை பிளந்து திரும்பி வந்துவிட்டன. இரண்டாவது வந்த அன்று என் வீட்டுக்காரர் தீர்த்துச் சொல்லிவிட்டார்: மூன்றாவதும் பிளந்தால் பட்டறையை மூடிவிட்டுத் தன் டைல்ஸ் கடைக்கு வந்துவிட வேண்டும். அண்ணன் பேச்சைத் தட்டுகிறவன் இல்லை இவன். கடையில் நிற்பதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்காது. அதனால் மூன்றாவது கிடாருக்கு இன்னும் சில வாளிகள் கூடின.

அந்த மூன்றாவது ஒரு பாட்டு டீச்சருக்கு. கம்பி கட்டி முடித்ததும் வாசித்துப் பார்க்க வந்தார். வாசித்தவருக்கு வாயெல்லாம் பல். நானும், பொய் சொல்வானேன், அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டேன். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் ஒன்று கேட்டார்.

"எங்க வீட்டுல இந்த மாதிரி ரூம் இல்லையே தம்பி, அங்க வந்து இது என்ன பண்ணும்?"

அவன் முகம் சுண்டிவிட்டது. கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்தான். என்னடா என்று உலுக்கியதும் விளக்கினான். ஈரக் காற்றில் பலகை ஊதியிருக்கும். ஊதிய பலகைக்கு அடியில் குறுக்குக் கட்டைகளை ஒட்டிவிட்டால், அந்த அளவிலேயே அதைக் கட்டிப்போட்ட மாதிரி. காய்ந்த வீட்டுக்குப் போனதும் பலகை சுருங்கப் பார்க்கும், கட்டை விடாது. அப்புறம் பிளக்காமல் என்ன செய்யும்? காய்ந்த ஊருக்கு ஈரம்தான் மருந்து என்று நம்பி, இத்தனை காலமும் அவனே மரத்துக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்திருக்கிறான்.

நான் பச்சையாகவே சொன்னேன், வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிடு, பிளந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம், பிளக்காமலும் போகலாம் என்று. அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிடாரைத் தூக்கி வந்து ஹாலில் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தான். ஊர்க் காற்று படட்டும், தாங்கினால் கொடுக்கிறேன் என்றான்.

அதன்பிறகு வீட்டில் ஒருத்தருக்கும் நிம்மதி இல்லை. தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். எங்கே எது விழுந்தாலும் எல்லாத் தலையும் மேஜைப் பக்கம் திரும்பும். என் வீட்டுக்காரர்கூட அந்தப் பக்கம் பூனை மாதிரிதான் நடந்தார். தம்பி எப்போது கடைக்கு வருவான் என்று காத்திருக்கிற மனுஷனுக்கு எதற்கு இந்தப் பதுங்கல் என்று எனக்குப் புரியவில்லை. முதலில் கழுத்துப் பலகை சுருங்கியது. அதில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளின் முனை வெளியே நீட்டிக்கொண்டு, தூசி துடைக்கப் போன என் விரலைக் கீறியது. பிறகு வயிறு லேசாகக் குழிந்தது. அவன் டார்ச் அடித்து அடித்துப் பார்ப்பான். யாரும் இல்லாத நேரத்தில் நான் அந்த மரத்திடம் பிளந்துவிடாதே என்று கெஞ்சியிருக்கிறேன். பைத்தியம் என்றுதான் சொல்வீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள்.

ஒரு மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டக் என்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். அவன்தான் எழுந்து போய்ப் பார்த்தான். கம்பி கட்டிய இடத்திலிருந்து அடிவரை நேராகப் பிளந்திருந்தது.

என் வீட்டுக்காரர் குரலை உயர்த்தவில்லை. திங்கட்கிழமையிலிருந்து கடைக்கு வந்துவிடு என்றார்.

"வரலண்ணா," என்றான் அவன். "அறையைக் காயவிட்டு, காஞ்ச பலகையில இன்னொரு கிடார் ஒட்டணும். அதையும் இதே மேஜையில போடுவேன். உடைஞ்சா நம்ம வீட்டுல உடையட்டும். நம்பி வாங்கினவங்க மடியில உடையக் கூடாது."

அவன் அண்ணனை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தார். கை கழுவினார். நேராகப் பட்டறைக்குள் போய், முதல் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஏங்க, கீழ கொட்டிடாதீங்க, துவைக்க ஆகும்," என்றேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.