ஆளில்லாத் தீவில் ஓர் ஆறு

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரித் தகராறு கன்னட ஊரில் நாங்கள் குடியிருந்த அடுகோடித் தெருவுக்கு வந்து சேர்ந்தபோது நான் தெற்கு அட்லாண்டிக்கில் இருந்தேன். பகலில் கம்பெனிக்கு நட்டும் போல்ட்டும் வரைகிற டிராஃப்ட்ஸ்மேன். வீட்டுக்கு வந்தால் தீவுகள் வரைவேன். மனித வாடையே இல்லாத தீவு என்பது மட்டும்தான் நிபந்தனை. நாற்பத்து மூன்று வயதில் மனிதர்கள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

அந்த வருடம் முழுக்க ஒரே தீவு. ஆளுயர டிரேசிங் ஷீட்டில் பதினோரு மாத வேலை. ஓரமெல்லாம் சீல்கள், பென்குவின்கள். நடுவில் மலையிலிருந்து கிழக்குக் கடலுக்கு இறங்கும் நீலப் பனியாறு. பெயர்கள் நானே வைத்தவை. அதன் குறுக்கே நிற்கும், எந்தப் பக்கத்திலிருந்தும் நெருங்க முடியாத பாறைக்கு ‘மேனேஜர் பாறை’. ஓயாமல் காற்றடிக்கும் மூலைக்கு ‘மாமனார் முனை’. எல்லாம் தமிழில், கட்டை கட்டையாக. தெருப்பக்க ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தேன்.

ஓசூர் ரோட்டில் தமிழர்கள் லாரி எரிகிறது என்று செய்தி வந்ததும் என் மனைவி தினசரிக் காலண்டரையும் வாரப் பத்திரிகைகளையும் அரிசி டின்னுக்குள் புதைத்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

“ஏங்க, இது?”

“மேப்புதானே.”

“தமிழ்லதானே எழுதியிருக்கு, அவ்ளோ பெரிசா. கிழிச்சு வெந்நீர் அடுப்புல போடுங்க.”

“அதுக்கு என் தலைய போடலாம்.”

“அத அவங்களே பாத்துப்பாங்க.”

கிழிக்க மனம் வரவில்லை. வீரம் ஒன்றும் இல்லை, பதினோரு மாதம். ஆகவே மூளையைப் பயன்படுத்தினேன். அங்கேதான் கெட்டது. டிரேசிங் ஷீட்டில் மை தப்பினால் பாதி பிளேடால் சுரண்டிவிட்டு மேலே எழுதுவது எங்கள் தொழில். தமிழைச் சுரண்டிக் கன்னடத்தில் எழுத ஆரம்பித்தேன். படித்தது இந்த ஊர்ப் பள்ளிக்கூடம், எழுத்துக்குப் பஞ்சமில்லை. அவசரத்தில் மாமனார் முனையில் பிளேடு ஷீட்டையே துளைத்துவிட்டது. ஆனாலும் மூன்று மணிக்குள் தீவு முழுக்கக் கன்னடம். பனியாற்றுக்கு ‘நதி’ என்று போட்டு, அழகாக இருக்கட்டுமே என்று அடியில் ஒரு கோடும் இழுத்தேன்.

மை காய்வதற்குள் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டில் இருக்கும் ஓனர். தண்ணீர் மோட்டார் சுவிட்சுக்காக ஐந்து வருடமாக என்னை முறைப்பவர். பின்னால் கட்டையோடு இரண்டு பேர். அவர்களில் ஒருவன் அவருடைய மச்சினன். மூவரும் உள்ளே வந்து சுவர் முன்னால் நின்றார்கள். மச்சினன் எழுத்துக்கூட்டிப் படித்தான். கட்டையின் முனை நீலத்தின் மேல் வந்து நின்றது.

“நீரு யார் கடெ ஹோகுத்தெ?”

தண்ணீர் யார் பக்கம் போகிறது என்கிறான். அந்த மாதம் பேப்பரைத் திறந்தால் ஆற்று மேப்புதான். கன்னடத்தில் எழுதிய மேப்பில் மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவில் ஆறு. பார்க்கிறவன் காவிரி என்றுதானே நினைப்பான்? மேனேஜர் பாறையை அணை என்று நினைத்துக்கொண்டான். தமிழிலேயே விட்டிருந்தால் அவனால் ஒரு வரி படித்திருக்க முடியாது. நீலத்தை உடனே சுரண்டவும் வழியில்லை. கலரை ஷீட்டின் பின்பக்கம் பூசுவது எங்கள் வழக்கம்.

“ஐஸ் சார்,” என்றேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், சார். “பூரா ஐஸ். ஒந்து ஹனி கூட ஹோகல்ல.”

ஒரு சொட்டுகூட யாருக்கும் போகாது என்று ஒரு தமிழன் வாயாலேயே கேட்டதில் அவனுக்கு ஏக திருப்தி. கட்டையை இறக்கினான். ஓனர் மட்டும் மேப்பை மேலும் கீழும் பார்த்தார். கன்னடத்தில் நன்றாக இருக்கிறது, நம் ஹாலுக்குச் சரியாக இருக்கும் என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டியதோடு நிற்காமல், ஆணியைப் பிடுங்கிக் கொடுத்ததும் நான்தான். மூன்று பேரும் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

“தமிழ்ல இருந்திருந்தா அந்த ஓனர் தொட்டிருப்பானா?” என்றாள் மனைவி. நான் பிளேடைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் கழிந்து ஊர் அடங்கியதும் கீழே போய் மேப்பைத் திருப்பிக் கேட்டேன். அவர் சோபாவிலிருந்து எழுந்திருக்கவில்லை. தலைக்கு மேலே என் தீவு, கண்ணாடி போட்டு.

“கன்னட மேப்பு, நிமக்யாக்ரீ?” என்றார். உங்களுக்கு எதற்கு என்கிறார். கன்னடத்திலேயே நமஸ்காரம் சொல்லிவிட்டு மாடியேறினேன். மறு மாதம் வீட்டைக் காலி செய்தோம்.