உப்புப் போட்ட ஐஸ்

கீரியில், கோயில் மண்டபத்தில் அன்று குழந்தைகளுக்குத் தடுப்பூசி. முகாம் எப்படி நடக்கிறது என்று பார்த்து மதிப்பிட என்னை அனுப்பியிருந்தார்கள். நான் பேனையைத் திறப்பதற்குள்ளேயே காரியம் பிழையாகிவிட்டது.

தாய்மாரைக் கூட்டிவரப் போயிருந்த மருத்துவமாது திரும்பி வந்து மருந்துப் பெட்டியைத் திறந்தார். அவர் வைத்த குளிர்ப்பைகளைக் காணவில்லை. விளிம்புவரை மீனுக்குப் போடும் நொறுக்கு ஐஸ்.

"பையெல்லாம் தண்ணியாக் கிடந்துது, மிஸ். நான்தான் மாத்தினனான்," என்றார் சம்மாட்டி. படகுகளும் லொறியும் வைத்திருப்பவர், மண்டபச் சாவியும் அவரிடம்தான். "இறுகட்டும் எண்டு உப்பும் போட்டனான். அறுக்குளா மீனே அசையாமக் கிடக்கும்!"

மருந்து உறைந்துவிடக் கூடாது என்றுதான் பைகளைப் பாதி இளகவிட்டு வைத்திருந்தார் மருத்துவமாது. ஐஸோடு ஒட்டிய குப்பி கல்லாகியிருந்தது. நடுவில் இருந்தது மட்டும் திரவமாகத் தெரிந்தது.

வெளியே லொறி ஹோர்ன் அடித்தது.

"கெதியாக் குத்துங்கோ மிஸ், லொறி எங்களை ஏத்தத்தான் நிக்குது," என்றாள் முன்னால் இருந்த தாய். "போன முறையும் காய்ச்சல் எண்டு இவனுக்குத் தவறினது. முள்ளிக்குளம் மீன்வாடிக்குப் போனா சீசன் முடியத்தான் வருவம்."

மருத்துவமாது உறைந்த குப்பியை உள்ளங்கையில் இளக்கினார். மற்றதோடு ஒப்பிட, இரண்டையும் குலுக்கி மேசையில் வைத்தார். நல்ல மருந்தென்றால் மெதுவாகத்தான் அடியில் படியும்; உறைந்து கெட்டது சீக்கிரம் படிந்துவிடும். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்.

"என்ன, மருந்துக்குச் செபம் சொல்லுறியளோ?" சம்மாட்டி சிரித்தார்.

இரண்டும் ஒன்றாகவே, சீக்கிரமாகப் படிந்தன.

"உங்கட ஐஸாலதான் பழுதாப்போச்சு," என்று சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும். மருத்துவமாது என் கையைக் கிள்ளினார். லொறி சம்மாட்டியுடையது. கோபித்துக்கொண்டால் குழந்தையும் அதில் போய்விடும்.

"மீன் பழுதாகாத ஐஸில மருந்து பழுதாகுமோ, தங்கச்சி?"

"உறைஞ்சா இதில பலன் இல்லை, சம்மாட்டி," என்றார் மருத்துவமாது. "குத்தியும் குத்தாத மாதிரித்தான்."

சம்மாட்டி குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். தாய் எழுந்து குழந்தையைத் தோளில் போட்டாள். லொறி உறுமியது.

வாசலில் சம்மாட்டியின் தலை தெரிந்தது.

"மிஸ், முன் சீற்றில ஏறுங்கோ. டவுணுக்குப் போய் வேற மருந்து எடுத்துக்கொண்டு வருவம். முள்ளிக்குளம் பிறகு போகலாம்." கொஞ்சம் தயங்கினார். "வரேக்க ஐஸ்..."

"வேண்டாம்!" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினோம்.

தாய் திரும்ப உட்கார்ந்து குழந்தையின் சட்டையைத் தளர்த்தினாள். "லொறி டவுணுக்குப் போனா, நாங்கள் இஞ்சதானே," என்றாள்.