எட்டாவது பலூன்

இது நடந்தது. கதை கட்ட எனக்கு வராது. அதற்குப் பொறுமை வேண்டும், எனக்கு அது பிறவியிலேயே கிடையாது. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, வெள்ளைப் புடவை என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில், மண்டையைப் பிளக்கும் வெயிலில்.

நான் இசை அமைப்பவள். பாட்டு இருக்காது, தாளம் இருக்காது, மூடுபனி மாதிரி மெல்லப் பரவிக்கொண்டே இருக்கும். ஆம்பியன்ட் என்பார்கள். "இதைக் கேட்டா கொட்டாவிதான்டீ வருது" என்று என் அக்கா எப்போதும் கிண்டல் செய்வாள்.

அந்த அக்காவுக்குத்தான் மூன்று வாரமாகத் தூக்கமே இல்லை. அவள் நர்ஸ். இரவு டியூட்டி, பகலில்தான் தூங்க வேண்டும். புதிதாக எடுத்த வாடகை அறையில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியும் கண் மூடவில்லை. ஒரு நாள் வார்டில் மருந்தை மாற்றிப் போடப் போய், கடைசி நொடியில் கையை இழுத்திருக்கிறாள். நேராக என்னிடம் வந்து கட்டிக்கொண்டு அழுதாள்.

"நான் தூங்கறதுக்கு ஏதாவது பண்ணிக் குடுடீ. இல்லேன்னா யாரையாவது கொன்னுடுவேன்."

அன்றே வேலையை ஆரம்பித்தேன்.

ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். வீடு காலி செய்திருக்கிறீர்களா? சாமான்களை எல்லாம் ஏற்றியபின் வெறும் அறையில் பேசினால் குரல் கணகணவென்று எதிரொலிக்கும். கட்டிலும் மெத்தையும் ஆட்களும் வந்துவிட்டால் அது போய்விடும். உடம்புகள் சத்தத்தைக் குடித்துவிடும். எங்கள் தொழிலில் ஒரு பெரிய இடத்துக்குப் போய் பலூனை உடைத்து, அதன் எதிரொலியைப் பதிவு செய்துகொள்வோம். பிறகு எந்த இசையையும் அந்த இடத்துக்குள்ளேயே வாசித்த மாதிரி ஆக்கிவிடலாம்.

மூடிக் கிடந்த ஒரு மில்லின் பின்னால் நீளமான கூடம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். எட்டு பலூன் கொண்ட பாக்கெட்டோடு போனேன். காலை 10:40.

வாட்ச்மேன் கதவைத் திறந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். உள்ளே ஒன்றுமே இல்லை. வெறும் சிமென்ட் தரை. ஆனால் மனிதர் நேராக நடக்கவில்லை. வருஷக்கணக்கான பழக்கம் போல, வளைந்து, ஒதுங்கி, காலை அளந்து வைத்து நடந்தார்.

"பலூனா? உள்ளேயா?" கிசுகிசுத்தார். "மெதுவா உடைக்க முடியாதாம்மா?"

"மெதுவா உடைஞ்சா அது பலூன் இல்லைங்கய்யா."

அவர் சிரிக்கவில்லை. "பன்னெண்டுக்குள்ள முடிச்சிடுங்க." அவ்வளவுதான். வெளியே போய்விட்டார்.

11:05. முதல் பலூன். அப்பா, என்ன எதிரொலி! முழுசாக 6.2 விநாடி. 11:20, இரண்டாவது. அதே 6.2. பிறகு பதிவுக் கருவியின் பேட்டரி மக்கர் செய்தது. அதைச் சரிசெய்து நிமிர்ந்தபோது 12:04.

மூன்றாவது பலூன். 5.1 விநாடி.

கதவு திறந்திருக்கிறதோ? பார்த்தேன். சாத்தியிருந்தது.

12:09. நான்காவது. 3.9.

கூடம் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் சூடு இல்லை. பூட்டிய அறையில் பலர் படுத்திருந்தால் ஒரு புழுக்கம் இருக்குமே... அது.

12:13. ஐந்தாவது. 2.7.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை நம்பத்தான் மனசு வரவில்லை. கூடம் நிரம்பிக்கொண்டிருந்தது...

12:18. ஆறாவது. 1.4 விநாடி. சத்தம் அடங்கியது. ஹெட்போனில் நிசப்தம். பிறகு...

யாரோ புரண்டு படுக்கும் சரசரப்பு.

அப்புறம், என் காலுக்கு மிக அருகில், தூக்கம் கலைந்த எரிச்சலில்...

"ப்ச்..."

மைக்கை அள்ளிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் "பல்லிதான், பல்லிதான்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்த்தேன். இங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. ஆறாவது பலூனின் எதிரொலி அவ்வளவு அழகு. கதகதப்பு, மென்மை. நல்ல சத்தம் கிடைத்தால் பிசாசு கொடுத்தாலும் எங்கள் ஆட்கள் விடமாட்டார்கள். நானும் விடவில்லை. அந்த "ப்ச்"சை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, மொத்த இசையையும் அந்தக் கூடத்துக்குள் வைத்து மிக்ஸ் செய்தேன்.

அக்கா முதல் நாளே ஒன்பது மணி நேரம் தூங்கினாள். போனில் அவள் குரலே மாறியிருந்தது. "நீ நல்லா இருக்கணும்டீ" என்றாள். சந்தோஷத்தில் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

நான்காம் நாள் சொன்னாள்: "இதைப் போட்டா பக்கத்துல யாரோ படுத்திருக்கிற மாதிரி இருக்குடீ. பயமா இல்லை. துணையா இருக்கு."

எட்டாம் நாள் பதினான்கு மணி நேரம் தூங்கினாள். டியூட்டிக்குப் போகவில்லை. போய் எழுப்பினால், இரட்டைக் கட்டிலின் ஓரத்தில், விழுந்துவிடுகிற மாதிரி ஒடுங்கிக் கிடந்தாள்.

"ஏன்க்கா ஓரத்துல படுக்கறே?"

"இடம் இல்லையே" என்றாள். சாதாரணமாக.

பத்தாம் நாள் மறுபடி கூடத்துக்குப் போனேன். பகல் 12:30.

வாட்ச்மேன் செருப்புக் காலோடு, தொண்டை திறந்து பேசிக்கொண்டு, கூடத்தின் குறுக்கே நேராக நடந்து வந்தார்.

"என்னம்மா பண்ணீங்க? பத்து நாளா உள்ள யாரும் இல்லை! இப்பதான் எனக்கு நிம்மதி."

ஏழாவது பலூனை உடைத்தேன்.

6.2 விநாடி.

கூடம் காலி.

எப்படி வண்டி ஓட்டினேன் என்று தெரியாது. அக்காவின் அறைக்குப் போனபோது 1:50. என்னிடம் சாவி இருந்தது. உள்ளே இருட்டு. என் இசை மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். அதே புழுக்கம். அலமாரிக் கண்ணாடி முழுக்க மூச்சுக்காற்றின் ஆவி...

அந்த அறையை எனக்குத் தெரியும். கட்டிலும் அலமாரியும் தவிர ஒன்றுமில்லாத டைல்ஸ் அறை. தும்மினால் நாலு பேர் தும்முவது போல் கேட்கும்.

"அக்கா!" என்று கத்தினேன்.

குரல் வாய்க்கு வெளியே போகவே இல்லை. போர்வைக்குள் கத்தியது போல் செத்து விழுந்தது.

எட்டாவது பலூனை ஊதினேன். அவள் காதருகே உடைத்தேன்.

"தப்."

எதிரொலி இல்லை. கொஞ்சம்கூட இல்லை. அக்கா அசையவில்லை.

ஆனால் தரையில்... அலமாரி ஓரத்தில்... கதவருகில்... என் முதுகுக்குப் பின்னால்...

"ப்ச்..."

"ப்ச்..."

"ப்ச்..."

அழுதுகொண்டே அவளைத் தரதரவென்று இழுத்து, கதவைத் தாண்டி, வெளியே வெயிலில் போட்டேன். முகத்தில் தண்ணீரை அடித்தேன். 2:20க்குக் கண்ணைத் திறந்தாள். என்னை அடையாளம் தெரியாத பார்வை.

"மெதுவா பேசுடீ" என்றாள். "எல்லாரும் தூங்கறாங்க."

இசையை அழித்துவிட்டேன். அறையையும் அன்றே காலி செய்தோம். அக்கா இப்போது என்னோடு இருக்கிறாள். பகல் டியூட்டிக்கு மாறிவிட்டாள். நன்றாகத்தான் இருக்கிறாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று வாட்ச்மேனுக்குப் போன் செய்தேன். அந்தக் கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார். இரவு ஷிஃப்ட் பெண்கள் பகலில் வந்து படுக்கும் கூடமாம் அது. ஒரு நாள் பன்னிரண்டு மணிக்குமேல் ஜெனரேட்டர் புகை உள்ளே போயிருக்கிறது. முப்பத்தொரு பேர். ஒருவரும் எழவில்லை. கதவை உடைத்தது அவர்தான்.

"ஒரு பொண்ணுக்கு மட்டும் உயிர் இருந்துச்சும்மா. வெளியே வெயில்ல இழுத்துப் போட்டு, முகத்துல தண்ணி அடிச்சேன். கண்ணைத் திறந்தா. நல்லாத்தான் பேசினா. ஒரு மாசம் நல்லாத்தான் இருந்தா. அப்புறம் ஒரு நாள் பகல்ல படுத்தவ எழுந்திரிக்கலை."

"கண்ணைத் திறந்ததும் என்னய்யா சொன்னா?"

அவர் குரல் மறுபடி கிசுகிசுப்பாக இறங்கியது.

"மெதுவா பேசுங்க... எல்லாரும் தூங்கறாங்கன்னு."