லொங்குய்ய் கரையில் ஒரு சைவக்காரியின் தூண்டில்

காலை ஏழு இருபதுக்கு கோட்-வெர்த்துவில் மெட்ரோ ஏறினேன். கையில் நான்காகக் கழற்றிய தூண்டில் தடி. ஸ்கொட்லாந்தில் முப்பத்தொரு வருடம், ஸ்பே ஆற்றில் இடுப்பளவு குளிர் தண்ணீரில் நின்று சால்மன் பிடித்தவள் நான். மகனோடு இருக்க மொன்றியல் வந்த பிறகு இதுதான் முதல் தூண்டில் பயணம். சிரிக்காதேங்கோ, நான் சுத்த சைவம். பிடித்த மீனைக் கொக்கி கழற்றி ஆற்றிலேயே விட்டுவிடுவேன். உயிர் எடுக்காத விளையாட்டு என்று ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன்.

பெரி-யூகாமில் மஞ்சள் பாதைக்கு மாறினால் இரண்டாவது நிறுத்தம் லொங்குய்ய். வாசலில் அந்தோனி நின்றார். மன்னார்க்காரர், மகனோடு வேலை செய்பவர், செயின்ட்-மிஷேலில் வீடு.

"விடுறதுக்கு ஏனக்கா பிடிக்கிறியள்? கடலுக்குப் போற எங்கட ஐயா கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பார்."

"உமக்கு உது விளங்காது தம்பி."

நெடுஞ்சாலைக்கு மேலான நடைபாலத்தைக் கடந்து ஆற்றங்கரைக்கு இறங்கினோம். ஸ்பேயில் அக்கரையில் மேயும் ஆடுகூடத் தெரியும். இங்கே அக்கரையில் ஒரு நகரமே நிற்கிறது. தடி வீசியதும் என் தோள் பழசையெல்லாம் நினைத்துக்கொண்டது. அப்படியொரு சந்தோசம்!

பத்து மணிக்கு ஒரு பாஸ் மீன் இழுத்தது. கரைக்குக் கொண்டுவந்து பார்த்தால், கொக்கி செவுளுக்குள் ஆழப் போய்விட்டது. கழற்றக் கழற்ற இரத்தம்.

"இது இனிப் பிழைக்காதக்கா. துடிக்க விடாதேங்கோ."

"நீர் செய்யும் தம்பி." கெஞ்சினேன்.

"நீங்கள் பிடிச்சது. நீங்கள்தான் முடிக்கவேணும்."

பையின் அடியில் கிடந்த குட்டிப் பொல்லை எடுத்தேன். மீனைத் தலையில் அடித்து முடிக்கவென்றே ஸ்கொட்லாந்தில் விற்கிறார்கள். நான் ஒருநாளும் தொட்டதில்லை. தலையில் இரண்டு அடி. ஐயோ என்று வாய்விட்டே அழுதேன்.

அந்தோனி மீனைக் கழுவிப் பைக்குள் வைத்தார். பிறகு, என்னை நோகடிக்க நினைக்காமல்தான், கேட்டார்: "விட்ட மீனெல்லாம் பிழைச்சதெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

ஒருவரும் சொல்லவில்லை. அவை நீந்திப் போனதை மட்டுமே கண்டிருக்கிறேன். ஸ்பே ஆறு திரும்பும் வளைவுக்கு அப்பால் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

மாலை மகன் கேட்டான்: "அம்மா, இண்டைக்கும் பிடிச்சு விட்டனீங்களோ?"

"இல்லை. ஒண்டைக் கொன்றுபோட்டன்."

அதுதான் நான் கொன்ற முதல் மீன் என்று சொல்ல வாய் வரவில்லை.